தவமணியின் குரலில் வந்த உத்தரவு

மேக்கரைப்புதூர் சர்க்கரை மில்லில் ஆளுக்கொரு பெயரும் ஆளுக்கொரு பாஸ்வேர்டும் கொடுத்து, இன்னார் இன்ன கதவைத்தான் திறக்கலாம், இன்னார் இன்ன பொத்தானைத்தான் அழுத்தலாம் என்று கம்ப்யூட்டரில் வரம்பு கட்டிய வருஷத்தில்தான், ஒருவர் பெயரில் இன்னொருவர் உள்ளே நுழைந்தால் நுழைந்தவருக்குப் பெயர்க்காரரின் குரல் வந்துவிடும் என்பது தெரியவந்தது.

முதலில் அது கணக்குப் பிரிவு சண்முகவடிவுக்கு நடந்தது. மேலாளர் ரகோத்தமன் கோயமுத்தூர் போயிருந்த ஒரு நாள், அவர் சொல்லிவிட்டுப் போன பாஸ்வேர்டைத் தட்டி, அவர் பெயரில் கரும்பு லாரிகளுக்கு ஒப்புதல் போட உட்கார்ந்த அந்த ஒல்லிப் பெண், பக்கத்து மேஜையைப் பார்த்து "பேனா இருக்குதா?" என்று கேட்டபோது கட்டையான ஆண்குரல் வந்தது. பக்கத்து மேஜைக்காரர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து நின்று, "இருக்குதுங்க சார்" என்று பேனாவை நீட்டினார். ஒப்புதல்களை முடித்து அவள் கம்ப்யூட்டரிலிருந்து வெளியே வந்ததும் சொந்தக் குரல் திரும்பிவிட்டது. சூடாக ஒரு டீ குடி, சரியாகப் போய்விடும் என்றார்கள், அவளும் குடித்தாள்.

ஒரு வாரத்துக்குள் ஆய்வகத்தில், கிடங்கில், டிராக்டர் கொட்டகையில் என்று எல்லா இடத்திலும் அது நடந்தது. ஏனென்றால் அந்த மில்லில் தன் பெயரில் மட்டும் வேலை பார்த்தவர் ஒருவரும் இல்லை. கம்ப்யூட்டர் வைத்துக்கொடுத்த கம்பெனிக்கு எழுதியதற்கு, தங்கள் மென்பொருளில் குரல் சம்பந்தமாக எதுவும் இல்லை, ஒருமுறை அணைத்துப் போட்டுப் பார்க்கவும் என்று பதில் வந்தது. அணைத்துப் போட்டுப் பார்த்தார்கள். காலனிப் பிள்ளையாருக்கு ஒரு அபிஷேகமும் செய்து பார்த்தார்கள். அதற்குள் அரவை தொடங்கி, கரும்பு வண்டிகள் பவானிப் பாலம்வரை வரிசை கட்டி நின்றதால், யாருக்கும் அதைப் பற்றி மேற்கொண்டு யோசிக்க நேரமில்லாமல் போய்விட்டது.

ஆரம்பத்தில் அது ஒரு வசதியாகக்கூட இருந்தது. பிள்ளைகள் படிக்க மறுத்தால் ஆய்வக உதவியாளர்கள் மேலாளர் பெயரில் நுழைந்துவிட்டு வீட்டுக்கு ஃபோன் போட்டு அவர் குரலில் ஒரு அதட்டல் போட்டார்கள். குழாயடியில் தண்ணீர் வராவிட்டால் பம்பு ஆபரேட்டருக்கு யார் யார் குரலிலோ உத்தரவு போனது. எடைமேடையில் இருந்த அர்த்தநாரி மாரடைப்பில் போய்ச் சேர்ந்த பிறகும் அவர் பெயரை யாரும் எடுக்கவில்லை. புதிதாக வந்தவனுக்குப் பெயர் போட்டுக்கொடுக்க ஆபீசுக்கு ஒழியவில்லை என்பதால் அவன் அர்த்தநாரி பெயரிலேயே நுழைந்து, அர்த்தநாரியின் கரகரத்த குரலிலேயே லாரி நம்பர்களைக் கூப்பிட்டான். அவர் மனைவி ருக்குமணி பிற்பகல்களில் வேலியோரமாக ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்து அதைக் கேட்டுவிட்டுப் போவாள். செத்தவர் பெயரை நீக்கச் சொல்லி சுற்றறிக்கை வந்தபோது காலனிப் பெண்கள் திரண்டு போய், இந்த அரவை முடியட்டும் என்று கேட்டு வாங்கினார்கள்.

பிறகு மெதுவாகச் சந்தேகம் வந்தது. அது வந்த பாதை ஒருவருக்கும் தெரியவில்லை. சர்க்கரைப்பாகு வாடை மாதிரி துணியில், தலைமுடியில், சோற்றில் என்று எல்லாவற்றிலும் ஏறி உட்கார்ந்துகொண்டது. கிடங்குக் காவலர் நல்லமுத்துவின் சம்சாரம், ஃபோனில் புருஷன் குரல் கேட்டால், நம்ம கல்யாணத்தன்னிக்கு மழை வந்துச்சா இல்லையா என்று கேட்டுவிட்டுத்தான் பேசினாள். மளிகைக்கடைக்காரர் ஃபோனில் சாமான் சொன்னால் கொடுப்பதை நிறுத்தி, ஆள் நேரில் வந்து வாங்கச் சொன்னார். அண்ணன் தம்பி இரண்டு பேர், ஃபோனில் சொன்ன ஒரு வார்த்தையை நான் சொல்லவேயில்லை என்று அண்ணனும், உங்க குரல் எனக்குத் தெரியாதா என்று தம்பியும் கட்டிப் புரண்டு, ஒரே வரிசை வீட்டில் இருந்துகொண்டு முகம் பார்க்காமல் ஆனார்கள். போகப் போக, குரலை விட்டுவிட்டு வார்த்தையைப் பார்க்கக் காலனி பழகிக்கொண்டது: கூப்பிடுகிறவர் எந்த முறை வைத்துக் கூப்பிடுகிறார், பேச்சுக்கு நடுவே எங்கே மூச்சு விடுகிறார் என்று காது கொடுத்துக் கேட்டார்கள். கேட்டுக் கேட்டு, சொந்தக்காரர்கள் சாதாரணமாகப் பேசினாலும் அப்படியே கேட்கும் பழக்கம் வந்துவிட்டது.

தவமணி இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தவள்தான். அவள் மில்லின் பாதுகாப்பு அலுவலர். சாறு காய்ச்சும் இரும்புத் தொட்டிகளின் அடியில் பிடிக்கும் காறையைச் சுரண்ட ஆட்கள் உள்ளே இறங்கும்போது, அவள்தான் கம்ப்யூட்டரில் 'ஆள் உள்ளே' என்று போடுவாள். போட்டதும் அந்தத் தொட்டிக்குப் போகும் நீராவிக் குழாய் பூட்டிக்கொள்ளும். ஆள் ஏறி வந்ததைப் பார்த்துவிட்டு அவள் 'ஆள் வெளியே' என்று போட்டால்தான் பூட்டுத் திறக்கும். மில் முழுவதிலும் அந்தப் பொறுப்பு அவள் பெயருக்கு மட்டும்தான் இருந்தது, மேலாளருக்குக்கூட இல்லை. ஒரு ஆளின் உயிர் தன் விரல்நுனியில் நிற்கிறது என்ற நினைப்பு அவளுக்கு ஒருவகைப் பெருமையாகவும், மாதத்தில் பாதி நாள் தலைவலியாகவும் இருந்தது.

ஆனால் ஆள் இறங்குவது நாள் முழுக்க நடந்தது. தவமணி நாள் முழுக்க இருக்க முடியவில்லை. தன் உதவிப் பொறியாளர் தாரணிக்கும் அந்தப் பொறுப்பைக் கொடுங்கள் என்று தவமணி ஆபீசுக்கு எழுதினாள், நினைவூட்டினாள், நேரில் போயும் சொன்னாள். பரிசீலனையில் இருக்கிறது என்றார்கள். கடைசியில் ஒருநாள், மகள் இலக்கியாவுக்குக் காய்ச்சல் என்று பள்ளிக்கூடத்திலிருந்து ஃபோன் வந்தபோது, தாரணியின் காதில் பாஸ்வேர்டைச் சொல்லிவிட்டுப் போனாள். தாரணியைத் தவிர அது தெரிந்த இன்னொரு ஆள் தவமணியின் கணவன், எலெக்ட்ரிகல் ஃபோர்மேன் சென்னியப்பன். தாரணி தன் குரலில் பேசுவதை முதல்முதலாகக் கதவோரம் நின்று கேட்டபோது, தன் குரல் இத்தனை அதட்டலானதா என்று தவமணிக்கு வெட்கமாக இருந்தது.

ஒருநாள் மத்தியானம் தலை பிளந்துவிடும் போல் வலித்ததால், மூன்றாம் தொட்டிக்குள் மாரப்பனை இறக்கி 'ஆள் உள்ளே' என்று போட்டுவிட்டு, சாப்பிட்டு ஒரு மாத்திரை போட்டு வரலாம் என்று அவள் குவார்ட்டர்ஸுக்குப் போனாள். மில்லுக்கும் காலனிக்கும் நடுவே இருந்த சின்ன கேட்டுக்கு மட்டும் கார்டு மெஷின் கிடையாது. வீட்டுப் பெண்கள் சாப்பாடு கொண்டுவருகிற வழி அது. மாத்திரை போட்டுப் படுத்தவள் அசந்துவிட்டாள். அவளை எழுப்பியது மில் சங்கு.

மூன்றாம் தொட்டியில் நீராவி போயிருந்தது. தொட்டி வாயில் நின்ற கூட்டாளி போட்ட கூச்சலில் உடனே நிறுத்தி, மாரப்பனை இழுத்து எடுத்துவிட்டார்கள். முழங்காலுக்குக் கீழே இரண்டு காலும் வெந்துபோயிருந்தன. ஆம்புலன்ஸில் ஏற்றும்போது அவர் மனைவி செல்லாத்தாள் அழவில்லை. கூட்டத்தில் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு போனாள்.

சாயங்காலத்துக்குள் ஆபீஸில் கம்ப்யூட்டரைப் பார்த்துச் சொல்லிவிட்டார்கள்: 'ஆள் வெளியே' என்று போட்டிருப்பது தவமணியின் பெயர். நீராவி வால்வில் நிற்கும் வேலுச்சாமியும், நீராவியை விடச் சொல்லி ஃபோனில் வந்தது தவமணி குரல்தான் என்றார். விசாரணை முடியும்வரை யாரும் தொடக்கூடாது என்று தவமணியின் பெயரை, இருந்தது இருந்தபடியே கம்ப்யூட்டரில் உறையவைத்தார்கள். சென்னைத் தலைமை அலுவலகத்திலிருந்து அதிகாரி வரும்வரை அவளை வேலைக்கு வர வேண்டாம் என்றார்கள்.

"நான் வீட்டுல தூங்கிட்டிருந்தேனுங்க சார்" என்றாள் தவமணி.

"பார்த்தவங்க யாரும் இருக்காங்களாம்மா?" என்றார் ரகோத்தமன், வருத்தமான குரலில்.

அவள் தாரணியைத்தான் முதலில் நினைத்தாள். ஆனால் தாரணி காலை ஷிப்ட் முடிந்து மெயின் கேட்டில் கார்டு போட்டு வெளியே போனது பதிவாகியிருந்தது. அதோடு, விபத்துச் சேதி கேட்ட அதிர்ச்சியில் அவளுக்குத் தொண்டை கட்டிக்கொண்டு பேச்சே வரவில்லை, அம்மா ஊருக்குப் போய்விட்டாள் என்றும் சொன்னார்கள். 'ஆள் உள்ளே', 'ஆள் வெளியே' போடும் கம்ப்யூட்டர் இருந்த அனுமதி அறைக்குப் போகும் தாழ்வாரக் கதவை அந்த நேரத்தில் திறந்த கார்டு ஒன்றே ஒன்றுதான். அது சென்னியப்பனுடையது.

"அங்க எதுக்குங்க போனீங்க?" என்று அன்றைக்கு வீட்டில் கேட்டாள்.

"லைட்டு ஒண்ணு மினுக்குதுன்னாங்க. பார்த்துட்டுத் திரும்பிட்டேன்."

"ரூமுக்குள்ள யாரு இருந்தா?"

"நான் யாரையும் பாக்கல" என்றான் சென்னியப்பன். சொல்லும்போது அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. தட்டில் இருந்த சோற்றைப் பார்த்தான். அந்தத் தாழ்வாரத்தில் எந்த லைட்டும் மினுக்கவில்லை என்பது அவளுக்குத் தெரியும்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் சந்தேகம் மூன்றாவது ஆளாக உட்கார்ந்து சாப்பிட்டது. அவன் மேலாளருக்கு நெருக்கமோ, அவர் சொல்லித்தான் தன் பெயரில் நுழைந்தானோ, ஃபோர்மேனிலிருந்து இன்ஜினியர் ஆக்குகிறேன் என்று ஏதாவது சொல்லியிருப்பார்களோ என்று அவள் அவனுடைய ஒவ்வொரு அசைவையும் எடை போட்டாள். அவன் அளவுக்கு மீறி அன்பாக இருந்தான். கேட்காமலே தைலம் எடுத்துக் கொடுத்தான், நீ வீட்டுலதான் தூங்கிட்டிருந்தேன்னு நான் எங்க வேணாலும் சொல்றேன் என்றான். பார்க்காத ஒன்றை எப்படிச் சொல்வான் என்று அதுவும் அவளுக்குக் குத்தியது. குழாயடிக்குப் போனால் பேச்சு நின்றது. பஸ்ஸில் பக்கத்து இடம் காலியாகவே வந்தது. இலக்கியாகூட ஒருநாள் கதவுக்கு வெளியே நின்று, "அம்மா, என்னைச் சின்ன வயசுல என்னன்னு கூப்புடுவே?" என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே வந்தாள். தவமணி பதில் சொல்லிவிட்டு, அடுப்பங்கரையில் போய் நின்று அழுதாள்.

அந்தக் கேள்விதான் அவளுக்குள் கிடந்து உருண்டது. மறுநாள் காலையில் அவள் நேராக வேலுச்சாமி வீட்டுக்குப் போனாள். வேலுச்சாமி வாசலில் முகம் மழித்துக்கொண்டிருந்தார். பாதி முகத்தில் நுரை இருந்தது.

"அண்ணா, அன்னிக்கு நீங்க கேட்டது என் குரலுங்களா?"

"உன் குரல்தான் அம்மிணி. பொய் சொல்லமாட்டேன்."

"அது என்ன சொல்லுச்சுங்க? வார்த்தை மாறாமச் சொல்லுங்க."

"மூணாம் தொட்டி ஆளு வெளிய வந்தாச்சு, நீராவி விட்டுக்கலாம்னு…"

"நான் எப்பவும் உங்களை அண்ணான்னுதான கூப்பிடுவேன். அன்னிக்கு என்னன்னு கூப்பிட்டேனுங்க?"

வேலுச்சாமியின் கையிலிருந்த ரேஸர் நின்றது. கண்ணாடியைக் கீழே வைத்தார். உள்ளே அவர் மனைவி பாத்திரம் கழுவுவதும் நின்றது. ஒரு பக்கம் நுரையும் ஒரு பக்கம் வெறும் தோலுமாக அந்த முகம் தரையைப் பார்த்தது.

"எங்க தம்பி போனதுக்கப்புறம் நான்தான் அம்மிணி அந்தப் புள்ளைய வளர்த்தேன்" என்றார்.

தாரணி வேலுச்சாமியின் தம்பி மகள். மில் முழுவதிலும் அவரைப் பெரியப்பா என்று கூப்பிடுகிற ஒரே ஆள் அவள்தான்.

தாரணியின் அம்மா ஊர், ஆற்றுக்கு அக்கரையில், பஸ்ஸை விட்டு இறங்கி வாய்க்கால் மேட்டில் நடக்கிற தூரம். தவமணி வெயிலில் நடந்து போய் வேலிப்படலைத் திறக்கக் கை வைத்தபோது, வீட்டுக்குப் பின்புறமிருந்து தன் குரல் கேட்டது. தன்னுடைய குரலேதான், இலக்கியாவைச் சாப்பிடக் கூப்பிடுகிற, கூலியாட்களைத் தொட்டிப் பக்கம் போகாதே என்று விரட்டுகிற அதே குரல், "இந்தா, பே, பே, அங்க போகாதே, இங்க வா" என்று ஆட்டுக்குட்டியைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. தவமணி, தான் இங்கே வாயை மூடிக்கொண்டு நிற்பதை ஒருமுறை உதட்டைத் தொட்டுப் பார்த்து உறுதி செய்துகொண்டாள்.

தாரணி கையில் அகத்திக் கொத்தோடு திரும்பினாள். தவமணியைப் பார்த்ததும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"கையை எடு தாரணி. கேட்டுட்டேன்."

"அக்கா" என்றது தவமணியின் குரல், தவமணியைப் பார்த்து.

பிறகு அந்தக் குரல் அழுதது. தன் அழுகையைத் தான் வெளியில் நின்று கேட்பது எவ்வளவு அருவருப்பாக இருக்கும் என்பதை அவள் அன்றைக்குத்தான் அறிந்தாள். ஒரு அறை விடலாம் என்றுதான் கை ஓங்கியது. தன்னையே அறைவது போலத் தோன்றியதால் கை பாதியில் நின்றுவிட்டது.

நடந்ததைத் தாரணி ஆட்டுப்பட்டியில் உட்கார்ந்து சொன்னாள். ஷிப்ட் முடிந்து வெளியே போனவளை மேலாளர் ஃபோனில் கூப்பிட்டு, சின்ன கேட் வழியாக வரச் சொல்லியிருக்கிறார். தவமணி இடத்தில் இல்லை, கரும்பு வெயிலில் காய்ந்து புளித்துக்கொண்டிருக்கிறது, விவசாயிகள் சத்தம் போடுகிறார்கள், மூன்றாம் தொட்டி ஓடியாக வேண்டும் என்றிருக்கிறார். தாழ்வாரக் கதவை அவரே திறந்துவிட்டார். மேலாளர் திறந்தால் எந்தக் கதவிலும் பதிவாகாது. பொறுப்புகளைப் பிரித்துக்கொடுத்தபோது தனக்கு அவர் அப்படித்தான் அமைத்துக்கொண்டார்.

"ஆளு வெளிய வந்துட்டாரா சார்னு கேட்டேன்க்கா. வந்திருப்பான், போடும்மான்னாரு. சாருக்குத் தெரியாமலா இருக்கும்னு நெனச்சேன். எட்டிப் பார்த்திருக்கணும். சத்தம் கேட்டதும் ஓடியாந்துட்டேன், கம்ப்யூட்டரை விட்டு வெளிய வரல. அதுக்குள்ள உங்க பேரை உறையவெச்சுட்டாங்க. இப்ப வெளிய வர வழியே இல்ல. வாயைத் தொறந்தா நீங்கதான் வர்றீங்க."

"உன் பெரியப்பாவுக்குத் தெரியும்."

"தெரியும். சொல்லாதேன்னு சத்தியம் வாங்கினார்."

"மேலாளர்?"

"தொண்டை சரியானதும் வேற மில்லுல நல்ல வேலை போட்டுத் தர்றேன்னார். பேசாம இருக்கிற வரைக்கும்."

இவளையும் நம்புவதா என்று தவமணியின் ஒரு மனம் கேட்டது. மேலாளர் அங்கே நின்றார் என்பதற்கு இவள் வார்த்தையைத் தவிர என்ன இருக்கிறது? தப்பை ஒரு பெரிய ஆள்மேல் போட்டுவிட்டால் பாரம் குறையும் என்று இவளே கட்டியிருக்கலாமே? அந்த மில்லில் நம்புவதற்குக் குரலும் மிஞ்சவில்லை, பெயரும் மிஞ்சவில்லை. ஆனால் பாஸ்வேர்டைக் காதில் சொன்னது யார் என்பதில் மட்டும் அவளுக்குச் சந்தேகமில்லை.

"விசாரணைக்கு வர்றியா?" என்றாள்.

"வந்து என்னன்னு பேசறதுக்கா, உங்க குரல்ல?"

"அந்தக் குரல்லயே பேசு."

விசாரணை மில்லின் கூட்ட அறையில் காலையில் நடந்தது. சென்னையிலிருந்து வந்த அதிகாரி ஹேமலதா, நரைத்த தலையும் பருத்திப் புடவையுமாக நடுவில் உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் ரகோத்தமன். வேலுச்சாமி, சென்னியப்பன், தொழிற்சங்கத்துக்காரர்கள் எல்லோரும் சுவரோரம் இருந்தார்கள். கடைசி நாற்காலியில் செல்லாத்தாள், ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வந்தவள், மடியில் சாப்பாட்டுத் தூக்கோடு உட்கார்ந்திருந்தாள்.

தாரணி எழுந்து, "நான்தானுங்க மேடம் அதைப் போட்டது" என்றாள். அறையில் இருந்தவர்கள் எல்லோரும் தவமணியைத் திரும்பிப் பார்த்தார்கள். தவமணியின் வாய் மூடியிருந்தது.

தாரணி ஒன்றுவிடாமல் சொன்னாள். சொல்லச் சொல்ல வேலுச்சாமி துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். முடித்ததும் ரகோத்தமன் மெதுவாகச் சிரித்தார்.

"மேடம், இந்த ஊர்ல இது ஒரு நோய். இப்ப பேசினது தவமணி குரல். இதைத் தாரணி சாட்சியம்னு எப்படி எழுதறது? ரெண்டு பேரும் சேர்ந்து தயார் பண்ணிட்டு வந்திருக்காங்க. அந்த ரூமுக்கு நான் போகவேயில்லை. கதவுல பதிவு இருந்தாக் காட்டட்டும்."

ஹேமலதா பேனாவை மூடி வைத்தார். "வேற யாராவது அங்க இருந்தீங்களா?"

அப்போது சென்னியப்பன் எழுந்தான். சட்டைப் பொத்தானை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டான்; கல்யாணப் பேச்சு பேச வந்த நாளிலும் அவன் அப்படித்தான் செய்தான்.

"நான் இருந்தேனுங்க" என்றான். "கதவுக்கு வெளிய. சாப்புட்டியான்னு என் சம்சாரத்தக் கேக்கப் போனேன். உள்ள அவ குரல் கேட்டுச்சு. ஆளு வெளிய வந்துட்டாரா சார்னு கேட்டுச்சுங்க. வந்திருப்பான், போடும்மான்னு இவரு சொன்னாரு." அவன் ரகோத்தமனைக் கை காட்டவில்லை, பார்க்க மட்டும் செய்தான். "சார் இருக்காரேன்னு நான் திரும்பிட்டேன்."

"அது மேலாளர் குரல்தான்னு எப்படிச் சொல்றீங்க?" என்றார் ஹேமலதா. "அதுவும் வேற யாராவதா இருக்கலாமே?"

அறையில் ஒரு நிமிஷம் பழைய பயம் வந்து நின்றது. அதற்குச் சென்னியப்பன், "கதவுக்குக் கீழ செருப்பு தெரிஞ்சுதுங்க மேடம்" என்றான். "மில்லுக்குள்ள வெள்ளைச் செருப்பு போடறவரு இவரு ஒருத்தர்தான்."

எல்லோரும் மேஜைக்கு அடியில் பார்த்தார்கள். ரகோத்தமன் காலை உள்ளே இழுத்துக்கொண்டார்.

செல்லாத்தாள் அதற்குப் பிறகுதான் பேசினாள். "யாரு குரலு, யாரு பேருன்னு நீங்க இன்னும் நாலு நாள் பேசுவீங்க" என்றாள். "எனக்கு அது வேண்டாமுங்க. அந்தத் தொட்டிக்குள்ள ஆளு இருக்குதான்னு ஒருத்தர், ஒரே ஒருத்தர் போய் எட்டிப் பாத்தீங்களா?"

தவமணி எழுந்தாள். "இல்லைங்க" என்றாள். "பாக்க வேண்டியவ நான். என் பேரைக் கொடுத்துட்டுப் போய்ப் படுத்துட்டேன்." செல்லாத்தாள் அவளை நிமிர்ந்து பார்த்தாள், மன்னிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. தூக்கை எடுத்துக்கொண்டு, மாரப்பனுக்குக் கஞ்சி கொடுக்க நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டாள்.

அன்றைக்கு மத்தியானமே ரகோத்தமனின் கார்டு அவர் அறைக் கதவைத் திறக்கவில்லை. போலீஸில் வழக்கு எழுதினார்கள். அதில் அவர் பெயர் முதலிலும் தாரணி பெயர் அடுத்தும் இருந்தது. தவமணியிடமிருந்து பொறுப்பை எடுத்துக்கொண்டு அவளைக் கிடங்குக்கு மாற்றினார்கள். தொட்டியை மூடுவதற்கு முன் ஒருவர் உள்ளே தலையை விட்டு, இறங்கினவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, பதில் வரவில்லை என்று பார்த்துவிட்டுத்தான் மூடவேண்டும் என்று புது விதி வந்தது. ஆபீஸில் தவமணியின் பெயரை உறைவிலிருந்து எடுத்து மூடியபோது, வராண்டாவில் நின்றிருந்த தாரணி இருமினாள். இருமல் அவளுடையதாக இருந்தது. "பெரியப்பா" என்று மெல்லிய, கொஞ்சம் மூக்கடைத்த சொந்தக் குரலில் கூப்பிட்டுப் பார்த்தாள். வேலுச்சாமி திரும்பினார், ஆனால் ஒரு நொடி தயங்கித்தான் திரும்பினார்.

தவமணியும் சென்னியப்பனும் சின்ன கேட் வழியாக வீட்டுக்கு நடந்தார்கள். ஆலைச் சங்கு ஊதி அடங்கியிருந்தது. கரும்புச் சக்கைத் துகள் வெயிலில் மிதந்து இருவர் தலையிலும் விழுந்துகொண்டிருந்தது.

"நான் உங்களைத்தான் சந்தேகப்பட்டேன்" என்றாள் அவள்.

"தெரியும்."

"எப்படிங்க?"

"தூங்கற மாதிரி படுத்துட்டு என் செல்ஃபோனைப் பாத்தியே."

பிறகு அவன் சொன்னான்: "நானும் உன்னைத்தான் நெனச்சேன். அந்த ரூமுல இருந்துட்டு வீட்டுல தூங்கினேன்னு நீ பொய் சொல்றேன்னு நெனச்சேன். பயத்துல சொல்றா, போகட்டும்னு வாயை மூடிக்கிட்டேன்."

அவளுக்கு நன்றி சொல்வதா, கோபப்படுவதா என்று தெரியவில்லை. அவள் இந்தப் பாதகத்தைச் செய்திருப்பாள் என்று நம்பிக்கொண்டே அவன் தைலம் எடுத்துக் கொடுத்தான், தட்டில் சோறு போட்டான், பக்கத்தில் படுத்தான். அவள் நின்றுவிட்டாள்.

"என் குரலுதான் கேட்டுது, சரி. இந்த ஊர்ல குரலை நம்பக்கூடாதுன்னு சின்னப் புள்ளைக்குக்கூடத் தெரியும். கதவைத் தட்டித் தொறந்து, உள்ள யாருன்னு ஒருதடவை பாத்துடலாம்னு உங்களுக்குத் தோணலையாங்க?"

சென்னியப்பன் தலையில் விழுந்த துகளைத் தட்டிக்கொண்டு, அவள் முகத்தைப் பல நாளைக்குப் பிறகு நேராகப் பார்த்தான்.

"தோணுச்சு புள்ள" என்றான். "தொறந்து, உள்ள நீயே இருந்துட்டா?"